வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க

முகாமில் காலைத் தேநீருக்காக அடுப்பைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சட்டென்று சிரித்தார்கள். ஒரு கணம் தாமதமாக அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. முதலாளி ஏதோ சொன்னார். வரவேற்பு மேஜையில் உட்காரும் பெண் பதிலுக்கு ஏதோ சொன்னாள். நடுவில் காஸ் அடுப்பு உஸ்ஸென்று இரைந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு தன் சிரிப்பு மட்டும் தனியாக நிற்கக்கூடாதே என்று அவள் அவசரமாக வாயை மூடிக்கொண்டாள். இதிலெல்லாம் அவளுக்கு இப்போது நல்ல பழக்கம். உதடுகளைப் பார்ப்பாள். மற்றவர்களின் முகம் போகிற பக்கமே தன் முகத்தையும் கொண்டுபோவாள். பிடிபடாத இடத்தில் "ஆமா ஆமா" என்று பொத்தாம்பொதுவாகத் தலையாட்டி வைப்பாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் இடது காதைக் கையோடு கொண்டுபோய்விட்டது. தானாகச் சரியாகிவிடும் என்று நாளைக் கடத்தி, கடைசியில் டாக்டரிடம் போனபோது, முதலிலேயே வந்திருக்கலாமே என்றார் அவர். அதைக்கூட அவர் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. அவள் வாகன ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவள். கற்றுக்கொள்பவர் எப்போதும் அவளுக்கு வலப்பக்கம்தான் உட்காருவார். நல்ல காது அந்தப் பக்கம் இருந்ததால் வேலையில் விஷயம் வெளியே வரவில்லை. வந்தால் முதலாளி நல்லவர்தான், வெளியே போகச் சொல்லமாட்டார். ஆனால் வண்டியிலிருந்து இறக்கி விண்ணப்பத் தாள்களுக்கு நடுவில் உட்காரவைத்துவிடுவார். ஒற்றை அறையும் சமையலறையுமாக இருந்த மாடி வீட்டில் தனியாக இருக்கிறவளுக்கு, நாளெல்லாம் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற இடம் அந்தக் கார் ஒன்றுதான். மற்ற இடங்களில் "என்ன?" என்று கேட்பதையே விட்டுவிட்டாள். ஒரு தடவை கேட்டால் திருப்பிச் சொல்வார்கள். இன்னொரு தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். அதைக் கேட்பதற்குப் பேசாமல் சிரித்துவைப்பதே மேல்.

பயிற்சிப் பள்ளி ஆட்கள் எல்லோருமாகத் தேசியப் பூங்காவில் கூடாரம் போட்டுத் தங்கலாம் என்று முதலாளி முடிவு பண்ணியபோது, வேன் ஓட்ட ஆள் தேடவேண்டியிருக்கவில்லை. கனரக வாகனம் பழக்குகிற கியர் அண்ணன் இருந்தார். கோபம், கல்யாணம், தூக்கம், எதைப் பற்றிப் பேசினாலும் "அதுக்கு ஒரு கியர் இருக்கு" என்பார். அதனால் அந்தப் பெயர். அவர் மனைவி கொஞ்ச நாளாக ஆஸ்பத்திரியில் இருந்தார். மனைவியின் தங்கை வந்து துணைக்கு இருக்கிறாள் என்றும், "ரெண்டு நாளாவது வேற காத்து வாங்கிட்டு வாங்க" என்று மனைவியே விரட்டிவிட்டார் என்றும் வேனில் யாரிடமோ சொல்லிக்கொண்டு வந்தார்.

தேநீர் முடிந்து மலை உச்சிக்கு நடை தொடங்கியதும் வனக்காவலர் முன்னால் போனார். காடு நன்றாகத்தான் இருந்தது. உயரமான மரங்களின் நடுவே வெயில் துண்டு துண்டாக விழுந்து கிடந்தது. யாரோ ஒரு பறவையைக் காட்டி, "கேளுங்க, கேளுங்க" என்றார்கள். எல்லோரும் கழுத்தை நீட்டி நின்றார்கள். அவளும் நின்றாள். அவளுக்குக் கேட்டதெல்லாம் தன் மூச்சுதான். பிறகு பாதை ஓடையை ஒட்டி ஏறியது. இருவர் இருவராகப் பிரிந்தார்கள். யார் பக்கத்திலும் சேராமல் பின்னால் வந்துகொண்டிருந்தவளோடு கியர் அண்ணன் வந்து சேர்ந்துகொண்டார். அவர் வந்தது இடப்பக்கம், ஓடைக்கரை ஓரமாக. வலப்பக்கம் பாறைச்சுவர். மாறிக்கொள்ள இடமில்லை.

அவர் பேசினார். நெடுநேரம் பேசினார். அவரைப் பார்த்துக்கொண்டே நடந்தால் கால் இடறும், கீழே பார்த்தால் உதடு தெரியாது. தண்ணீர் இரைச்சலுக்கு நடுவில் ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். டாக்டர் என்றார். நேத்து என்றார். ஓடை சற்று அடங்கிய ஒரு திருப்பத்தில் மட்டும் தெளிவாகக் கேட்டது. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிட்டாங்க டீச்சர்."

அவளுக்கு உண்மையாகவே மகிழ்ச்சியாக இருந்தது. நின்று, அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரொம்ப நல்லதுண்ணே. வீடு வந்து சேந்தாலே பாதி சரியாப் போயிடும். இனிமே நீங்களும் நிம்மதியா இருக்கலாம்."

அவர் அவளையே பார்த்தார். "ஆமா," என்றார். பிறகு தோள் பையை இழுத்துவிட்டுக்கொண்டு எட்டி நடைபோட்டு முன்னால் போய்விட்டார். வழக்கம்போல எங்கேயோ தப்பாக ஏதோ சொல்லிவிட்டோம் என்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. எது என்று தெரியவில்லை.

மதியம் ஒரு தட்டைப் பாறையில் உட்கார்ந்து ரொட்டியும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். வரவேற்பு மேஜைப் பெண் அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். அதனால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"பாவம்க்கா கியர் அண்ணன். இனிமே மருந்தே வேண்டாம்னுட்டாங்களாம். இருக்கிற நாளாவது வீட்டுல இருக்கட்டும், கூட்டிட்டுப் போங்கன்னு கைய விரிச்சுட்டாங்க. வேன் எடுக்கறதுக்கு முன்னாடிதான் முதலாளிகிட்ட சொன்னாரு. உங்ககிட்ட சொல்லலயா?"

கையிலிருந்த ரொட்டியைத் திரும்பத் தாளில் வைத்தாள். தான் சிரித்த சிரிப்பு தன் கண்முன்னே வந்து நின்றது. நிம்மதியா இருக்கலாம் என்று வேறு சொல்லிவைத்தாளே. கட்டிய மனைவியைச் சாகக் கொடுக்கப்போகிற மனுஷனிடம்.

அதற்கப்புறம் உச்சி வரைக்கும் அவள் காட்டைப் பார்க்கவில்லை, அவர் முதுகைத்தான் பார்த்தாள். கிட்டே போகிற நேரமெல்லாம் யாராவது அவரோடு இருந்தார்கள். உச்சியில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ள நெருக்கியடித்து நின்றபோது அவர் மட்டும் தள்ளி ஒரு புதர் ஓரமாகப் போய்ப் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். தன்மேல் உள்ள கோபத்தில் ஒதுங்கிப் போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். படத்துக்குச் சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். இறங்குகிற வழியெல்லாம் சொல்வதா வேண்டாமா என்று மனசுக்குள் நிறுத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். காது விஷயத்தைச் சொன்னால் நாளைக்கே அது பள்ளி முழுக்கத் தெரிந்துவிடலாம். கார் போய்விடும். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் ஆயுசுக்கும் அவளைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பார். முகாமுக்கு வந்து சேர்ந்தபோது போனால் போகட்டும் என்று ஆகியிருந்தது.

பொழுது சாய்கிற வேளையில் அவர் தண்ணீர்க் குழாயடியில் தேநீர்ப் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு போய் எதிரே குந்தினாள்.

"அண்ணே, காலைல நீங்க அண்ணியப் பத்திச் சொன்னது எனக்குச் சரியாக் கேக்கல. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகச் சொன்னது மட்டுந்தான் கேட்டுச்சு. குணமாயிடுச்சுன்னு நெனச்சுட்டேன்." இடது காதைத் தொட்டுக் காட்டினாள். "எனக்கு இந்தக் காது கேக்காதுண்ணே. ரெண்டு வருஷமாச்சு. யாருக்கும் தெரியாது."

அவர் கை நின்றது. காதைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை.

"அப்ப நீங்க தெரிஞ்சு சொல்லலயா?"

"இல்லண்ணே. தெரிஞ்சிருந்தா அப்படிச் சொல்வனா?"

அவர் குழாயை மூடினார். இரைச்சல் நின்றதில் அவர் குரல் பக்கத்தில் வந்ததுபோல இருந்தது.

"டாக்டர் சொன்னதுலேர்ந்து ஆளாளுக்கு ச்சு கொட்டுறாங்க டீச்சர். அவ தங்கச்சி, முதலாளி, எல்லாரும். நீங்க ஒருத்தர்தான் நல்லதுன்னு சொன்னீங்க. மொதல்ல திக்குன்னு இருந்துச்சு. அப்புறம் நடக்க நடக்க, அதுவும் சரிதானேன்னு தோணிச்சு. அவ வீடு, அவ படுக்கை, அவ ஜன்னல். மேல போனதும் சிக்னல் கெடச்சுது. எங்க டீச்சர் இப்படிச் சொல்றாங்கன்னு அவகிட்ட சொன்னேன். சிரிச்சா. அவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா?"

இத்தனை நாள் பூட்டிவைத்திருந்த ஒன்றை எடுத்து நீட்டியிருந்தாள். அதை வாங்கிப் பார்க்கக்கூட அவருக்குக் கை ஒழியவில்லை. அதோடு அவர் கையில் இருந்த அந்த ஒரே ஆறுதலையும் தட்டிவிட்டாயிற்று.

அவர் பாத்திரத்தைக் கவிழ்த்து நீரை வடித்தார். எழுந்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, அவள் முகத்துக்கு நேராகக் குனிந்து, சிறு பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"திங்கக்கெழம கூட்டிட்டு வந்துடுவேன். ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. காலைல எங்கிட்ட சொன்னதையே அவகிட்டயும் சொல்லுங்க. இப்பத்தான் தெரிஞ்சுபோச்சுல்ல, தெரிஞ்சே சொல்லுங்க."

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. பாத்திரத்தை அடுப்புப் பக்கம் வைத்துவிட்டு, கூடாரங்களைத் தாண்டி, வேன் நிறுத்தியிருந்த இடத்துக்கு நடந்தார். தட்டுகள் அவள் மடியில் அப்படியே இருந்தன. அடுப்படியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள். அவள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேனின் கதவு திறந்தபோது உள்ளே விளக்கு எரிந்தது. மூடியபோது அணைந்தது. ஸ்டீயரிங்கில் இரண்டு கையையும் வைத்து, வண்டியைக் கிளப்பாமல், இருண்டுகொண்டு வரும் மரங்களைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்திருந்தார்.