சிரட்டைக் கோல்

வீரகத்தியரின் வாதம் இடுப்புக்குக் கீழே இறங்காது. இதை அவர் பரந்தன் சந்தியில், சின்னராசாவின் தேத்தண்ணிக் கடை வாங்குப் பலகையில் இருந்தபடி, வாய்க்காலில் தண்ணீர் விடும் திகதியை அறிவிக்கும் உத்தியோகத்தரின் குரலில் அறிவித்தார். மற்றவர்களுடைய வாதம் ஒழுங்கு கெட்டது, இன்றைக்கு முழங்காலில் நிற்கும், நாளைக்குக் கழுத்தில் ஏறும் என்றார். தன்னுடைய வாதமோ பன்னிரண்டு வருடமாக இரண்டு கைகளின் விரல் மூட்டுகளிலும் இடது தோளிலும் குடியிருக்கிறது. அளந்து கொடுத்த காணிக்குள் நிற்கும் நல்ல குடியேற்றக்காரனைப் போல எல்லைக்கல்லைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. கடையில் இருந்தவர்கள் தேநீரை ஆற்றிக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். வாதத்தைப் பற்றி அவரோடு வாதாடக்கூடிய ஆள் கண்டாவளைப் பக்கத்தில் இல்லை.

கடைக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. ஒரு வருடமாக வீரகத்தியரின் வலது இடுப்பில், தொடை தொடங்கும் இடத்தில், ஏதோ ஒன்று உட்கார்ந்துகொண்டு குத்தியது. காலையில் எழும்பும்போது குத்தியது. சாரத்துக்குள் வலது காலை விடும்போது குத்தியது. வரம்பில் ஏறும்போது குத்திவிட்டு, இறங்கும்போதும் ஒருதரம் குத்தியது. அது வாதம் அல்ல என்பது மட்டும் அவருக்கு நிச்சயம். ஏனென்றால் அவருடைய வாதம் இடுப்புக்குக் கீழே இறங்காது.

அது வாதமாக இருக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருடைய மனைவி நாகேஸ்வரிக்கு மீசாலையில் சீதன வீடு இருந்தது. பக்கத்து வளவில் அவளுடைய தமையன் கதிர்காமநாதன், வேலையிலிருந்து இளைப்பாறிய வாத்தியார், சாய்கதிரையில் காலை நீட்டிக்கொண்டு இருந்தார். கதிர்காமநாதன் பரந்தனுக்கு வரும்போதெல்லாம் ஒரே கதைதான்: அத்தான் இனி இந்த நுளம்புக்கடிக்குள் கிடந்து என்ன காணப்போகிறார், காணியை மருமகன் அப்புத்துரையிடம் விட்டுவிட்டு மீசாலைக்கு வந்து தன் பக்கத்தில் இன்னொரு சாய்கதிரையைப் போடட்டும். மருமகன் அப்புத்துரை நல்ல பிள்ளை. வயலுக்குக் காலில் சப்பாத்தோடு வருவான். நெல்லுக்கும் கோரைக்கும் நடுவில் அவன் எந்தப் பாகுபாடும் காட்டியதில்லை.

காட்டை வெட்டி, கட்டையைப் பிடுங்கி, பாம்போடும் மலேரியாவோடும் படுத்தெழும்பி எடுத்த வயல் அது. அந்தச் சாய்கதிரையை நினைத்தாலே வீரகத்தியருக்கு இடுப்பை விட அதிகமாகக் குத்தியது. ஒருநாள் கோபத்தில் மனைவியிடம் வாயை விட்டார்.

"ஒரு படிச்ச டொக்குத்தற்றை வாயாலை இது வாதமெண்டு வரட்டும். அடுத்த கோச்சியிலை மீசாலைக்கு வாறன்."

நாகேஸ்வரி இதைக் கேட்டுக்கொண்டாள். அவளிடம் தனியாக ஒரு நோய் நிர்ணயம் ஏற்கெனவே இருந்தது. அதற்கு நடராசாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

நடராசா வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரன். எருமை முட்டி வலது இடுப்பு உடைந்த நாளிலிருந்து கோல் ஊன்றி நடப்பவன். வெறும் கோல் சேற்றில் புதைந்துவிடும் என்பதால் அதன் அடியில் ஒரு பாதித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து ஆணி அடித்து வைத்திருந்தான். சேற்றில் ஊன்றி எடுக்கும்போது அது 'சளக்' என்று சத்தம் போடும். விதைக்கும்போது விதைக் கடகப் பெட்டியைச் சால்வையால் தோளில் கட்டித் தொங்கவிட்டு, இடது கையில் கோல், வலது கையால் வீச்சு, ஒரு சளக், ஒரு வீச்சு என்று போவான்.

வீரகத்தியருக்கு இது கடவுள் அனுப்பிய வரம். சின்னராசாவின் கடையில் கூட்டம் சேரும் நேரம் பார்த்து எழும்பி, நடராசாவாக நடந்து காட்டுவார். வாயால் சளக் சத்தமும் அவரே போடுவார். "நோகிறது வலக்கால், கோல் இடக்கையிலை. தன்ரை கால் எதெண்டே தெரியாத மனிசனுக்கு வயலின்ரை எல்லை எப்பிடித் தெரியும்?" என்பார். சிரட்டையைப் பற்றியும் சொல்வார்: கள்ளுக்கொட்டிலுக்குப் போகிறவன் கூடச் சிரட்டையை நிமிர்த்தித்தான் பிடிக்கிறான். கடை சிரித்து விழும். சில நாட்களில் நடராசாவே மூலையில் இருந்து வெறுந்தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பான். சிரிக்கவும் மாட்டான், எழும்பவும் மாட்டான்.

நொண்டி நடப்பவரைப் போல நடித்துக் காட்டினால் அந்த நொண்டி நடிப்பவரைத் தொற்றும் என்பது நாகேஸ்வரியின் ஊரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆகவே வலது இடுப்பு என்று கேட்டவுடனேயே அவளுக்கு நோய் விளங்கிவிட்டது. வீரகத்தியர் இதை மூடநம்பிக்கை என்று தள்ளினார். தள்ளிவிட்டு நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரியாரிடம் போனார்.

பரியாரியார் நாடி பிடித்தார், கண்ணை மூடினார், வாதம் என்றார். பரியாரி டொக்குத்தர் அல்ல என்று வீரகத்தியர் தீர்ப்பளித்தார். எண்ணெயை மட்டும் வாங்கிக்கொண்டு வந்து வண்டில் அச்சுக்குப் பூசினார். அச்சு நன்றாக ஓடியது. அடுத்ததாக அரசாங்க மருந்துச்சாலையில் அப்போதிக்கரியைக் கண்டார். அவர் வெள்ளைக் குளிசை கொடுத்து, ஆங்கிலத்தில் ஒரு நீளமான பெயர் சொன்னார். வீரகத்தியர் வெற்றியோடு வீடு திரும்பி, இது புது வருத்தம், பெயரே வேறு என்று இரண்டு கிழமை கொண்டாடினார். பிறகு சப்பாத்தோடு வந்த மருமகன், அந்தப் பெயருக்குத் தமிழ் வாதம்தான் மாமா என்று சந்தோசமாகச் சொன்னான். அப்போதிக்கரியும் முழு டொக்குத்தர் அல்ல என்பது அதற்குப் பிறகுதான் வீரகத்தியரின் நினைவுக்கு வந்தது.

இதற்குள் கால் அவரைக் காட்டிக்கொடுக்கத் தொடங்கிவிட்டது. ஒருநாள் சந்தியில் சைக்கிளை விட்டு இறங்கினார். வலது கால் ஊன்ற மறுத்தது. கடை வாசல் வரைக்கும் இழுத்து இழுத்து வந்தார். உள்ளே ஒரே சிரிப்பு. சின்னராசா கரண்டியை வைத்துவிட்டுக் கைதட்டினார். வீரகத்தியண்ணை இண்டைக்கு வாசலிலேயே தொடங்கிவிட்டார், இவ்வளவு அச்சொட்டாக ஒருநாளும் நடிக்கவில்லை என்றார். வீரகத்தியருக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆனாலும் கடைசி அடி வைக்கும்போது வாயால் ஒரு சளக் போட்டார். வலியை ஒப்புக்கொள்வதை விட அது இலகுவாக இருந்தது.

மூலையில் நடராசா கோப்பையைக் கீழே வைத்தான்.

"வீரகத்தியண்ணை, எந்தக் கால்?"

"உன்ரை கால்தான்ரா," என்றார் வீரகத்தியர். கடை மறுபடி விழுந்து விழுந்து சிரித்தது.

அன்று வீட்டுக்குச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வந்தார். சிறுபோகத்துக்கு வாய்க்கால் திறந்துவிட்டார்கள். வயல் உழுது பலகை அடித்துத் தண்ணீரோடு கிடந்தது. விதைப்பு இன்றோ நாளையோ. அப்புத்துரை வாய்க்கால் வரம்பில் வந்து நின்று, கூலிக்கு ஆள் பிடிக்கட்டுமா மாமா என்று கேட்டுவிட்டுப் போயிருந்தான். யாழ்ப்பாணத்துப் பெரியாசுபத்திரிக்குப் போய்ப் படம் எடுத்துப் பார்த்துவிடுவோம் என்று வீரகத்தியர் சொன்னார். எலும்பைப் படம் பிடித்தால் உண்மை வெளிச்சத்துக்கு வரும். இந்த வியாதிக்கு ஒரு புதுப் பெயரும் ஒரு ஊசியும் இருக்கும், ஊசியோடு போய்விடும் என்று அவர் முழுதாக நம்பினார். நாகேஸ்வரி புறப்படும் முன் விதைநெல்லைத் தண்ணீரிலிருந்து எடுத்து, முளை வர, சாக்கோடு வைக்கோலால் மூடி, மேலே ஒரு பலகையையும் வைத்துவிட்டு வந்தாள்.

யாழ்ப்பாணத்து டொக்டர் இளவயது. வீரகத்தியரைக் கட்டிலில் படுக்கவைத்து, வலது காலை மடித்து உள்பக்கம் திருப்பினார். நோகுதோ என்று கேட்டார். "கூசுது," என்றார் வீரகத்தியர், பல்லைக் கடித்தபடி. இன்னும் கொஞ்சம் திருப்பினார். "நல்லாக் கூசுது," என்றார்.

பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். குண்டுபோல ஒரு எலும்பு, கிண்ணம்போல ஒரு எலும்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கவேண்டிய இடைவெளி இடது பக்கத்தில் இருந்தது. வலது பக்கத்தில் இல்லை. தேய்ந்து ஒன்றோடு ஒன்று உரசுகிறது என்றார் டொக்டர். பிறகு வீரகத்தியரின் கைகளை வாங்கி, முறுகிப்போன விரல் மூட்டுகளைத் தடவிப் பார்த்தார்.

"இதே வாதம்தான் ஐயா. இஞ்சையும் வந்திட்டுது."

"அப்பிடி வராது," என்றார் வீரகத்தியர். "என்ரை வாதம் இடுப்புக்குக் கீழை இறங்கிறேல்லை."

"எல்லைக்கல்லு நட்டது ஆர்?" என்று கேட்டார் டொக்டர்.

வீரகத்தியர் தன்னுடைய கைகளை டொக்டரிடமிருந்து திருப்பி வாங்கிக்கொண்டார்.

தேய்ந்தது திரும்பி வளராது, ஊசி ஒன்றும் கிடையாது, நோவுக்குக் குளிசை இருக்கிறது என்றார் டொக்டர். அப்படியென்றால் இவர் இனிப் படுத்துக் கிடக்க வேண்டியதுதானா என்று நாகேஸ்வரி கேட்டாள். அந்தக் குரலில் ஆசை இருந்ததா பயம் இருந்ததா என்று வீரகத்தியரால் பிரிக்க முடியவில்லை. டொக்டர் இல்லையென்று தலையை ஆட்டினார். படுத்தால் மூட்டு இறுகிப்போகும். நடக்கவேண்டும், வேலையும் செய்யலாம். பாரம் மட்டும் இடுப்பில் வைக்கக்கூடாது. கோல் பிடிக்கவேண்டும்.

"நோகாத பக்கத்துக் கையிலை," என்றார். "உங்களுக்கு இடக்கை."

"வலக்கால் நோக இடக்கையிலையோ?"

சந்தேகம் தீர்க்க டொக்டர் மூலையில் இருந்த தன் குடையை எடுத்து இடது கையில் ஊன்றி, வலது காலைக் கொஞ்சம் இழுத்து அறைக்குள் நடந்து காட்டினார். அச்சொட்டாக நடராசா. நாகேஸ்வரி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள்.

"தம்பி, நடிச்சுக் காட்டாதேங்கோ, தொத்திப்போடும். இவருக்கு அப்பிடித்தான் வந்தது."

டொக்டர் குடையைச் சுவரோடு சாத்திவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

திரும்பும் கோச்சியில், ரயில் பெட்டி வாங்கில் இருவரும் அருகருகே இருந்தார்கள். படித்த டொக்குத்தர். வாயாலேயே சொல்லிவிட்டார். அடுத்த கோச்சி இதுதான். கோச்சி சாவகச்சேரியைத் தாண்டியது. மீசாலையில் நின்றது. மேடையில் வெள்ளை வேட்டியும் குடையுமாகக் கதிர்காமநாதன் நின்றுகொண்டு ஒவ்வொரு பெட்டியாக எட்டிப் பார்த்து வந்தார். அவருக்கு யார் சொன்னது என்று கேட்கத் தேவையில்லை; மருமகன் நல்ல பிள்ளை.

வீரகத்தியர் குனிந்தார். செருப்பைத் தேடுகிறவரைப் போல வாங்குக்குக் கீழே தலையை விட்டார். டொக்டர் காலைத் திருப்பியபோது வந்ததைவிட மோசமான நோ அந்தக் குனிவில் வந்தது. அவர் எழும்பவில்லை. செருப்பு அவருடைய காலிலேயே இருந்தது.

பக்கத்தில் நாகேஸ்வரி சேலைத் தலைப்பைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டு, மற்றப்பக்கத்து யன்னலால் வெளியே பார்த்தாள். அங்கே பார்ப்பதற்கு ஒரு வடலியும் ஒரு ஆடும் இருந்தன. கோச்சி ஊதியது. நகர்ந்தது. குடை பின்னால் போனது.

வாங்குக்குக் கீழேயிருந்து வீரகத்தியரின் குரல் வந்தது.

"வாறன் எண்டனான்தான். எந்தப் போகம் முடிய வாற அடுத்த கோச்சியெண்டு சொல்லேல்லை."

நாகேஸ்வரி ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், அது எப்போதோ போய்விட்டபோதிலும்.

"எழும்புங்கோ," என்றாள். "நெல்லு முளைச்சிருக்கும்."

நெல் முளைத்துத்தான் இருந்தது. சாக்கைத் திறந்தபோது வெள்ளை முளைகள் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடந்தன. இனி ஒரு நாள்கூடத் தாங்காது. அப்புத்துரை கூலி ஆட்களைப் பற்றிக் கதைக்க வந்தான். வீரகத்தியர் அவனைச் சந்திக்கு வெற்றிலை வாங்க அனுப்பினார். வீட்டில் வெற்றிலை இருந்தது.

அவன் போனதும் மாட்டுக் கொட்டிலுக்குப் போய், எருது சாய்த்து ஓட்டும் நல்ல பூவரசங்கம்பு ஒன்றை எடுத்தார். குசினிக்குப் பின்னால் சிரட்டைக் குவியலுக்கு முன்னால் குந்த முடியாமல் நின்றபடியே கம்பால் கிளறினார். வடிவான, கண்ணில்லாத பாதி ஒன்றைத் தெரிந்தெடுத்து, கம்பின் அடியில் ஆணி அடித்துக்கொண்டு முதலாவது பாத்திக்குள் இறங்கினார். ஊன்றினார். சிரட்டை சேற்றை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. இழுத்து எடுக்கக் கால் சறுக்கி, இடுப்பு அவரை வாய்விட்டுக் கத்தச் சொன்னது. கத்தவில்லை. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்தைப் பார்க்காமல் திரும்பிப் போய்க் கண்ணுள்ள பாதி ஒன்றை எடுத்தார். காற்றுப் போகக் கண்ணைக் குத்தித் திறந்து, அதை அடித்துக்கொண்டு வந்தார். குசினி வாசலில் நாகேஸ்வரி அவருடைய சால்வையாலேயே கடகத்தைத் தோளில் கட்டிவிட்டாள். இடுப்பில் முட்டாமல் உயர்த்திக் கட்டினாள்.

வீரகத்தியர் இடது கையால் ஊன்றினார். வலது கையால் வீசினார். முளைநெல் விரிந்து, கடைசி மணி வரைக்கும் ஒரே சீராக விழுந்தது. விரல் மூட்டுகள் வழக்கம்போல முறுக்கின. இடுப்பு குத்தியது. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது இப்போது தெரிந்திருந்தது. ஆனபடியால் இரண்டுக்கும் ஒரே ஏச்சாக ஏசிக்கொண்டு அடுத்த அடியை வைத்தார். பாதி வயல் போனபோது வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வரம்பில் நடராசா தன் கடகத்தோடு வந்து நின்றான். பார்த்தான். நேரமெடுத்துப் பார்த்தான். வீரகத்தியரைப் போல ஒருதரம் நடந்து காட்ட அவனுக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. ஆனால் அவன் எப்படி நடந்தாலும் அது அப்படித்தான் இருந்திருக்கும்.

அவன் தன் வயலுக்குள் இறங்கினான். அந்தப் பக்கம் ஒரு சளக் கேட்டது. இந்தப் பக்கம் ஒரு சளக் கேட்டது. இந்த முறை வீரகத்தியர் அதற்கு வாயை உபயோகிக்கவில்லை.