ஐந்து மாதமும் கடைக்கு வந்துபோனவர்கள்

1

இந்தக் கதை பிறந்த இடம் ஓர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி. இதைவிட நல்ல இடத்தில் பிறந்திருக்கலாம்தான், என்ன செய்வது. பள்ளிக்கு வெள்ளிவிழா வந்தது. வெள்ளிவிழா என்றால் மலர் போட வேண்டும், மலர் என்றால் யாராவது எழுதித் தொலைக்க வேண்டும். இருபத்திரண்டு வருடம் அங்கே பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று முதலாளிக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"சார், எத்தனை வேலை மாறி நம்மகிட்ட வந்தீங்க! அதை ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்க. படிக்கிறவனுக்கு ஒரு உத்வேகம் வரணும் சார்."

எழுதிக் கொடுத்தார். உத்வேகம் பொங்கி வழிந்தது. லிப்ட் மெக்கானிக், புகைப்பட நிலைய உதவியாளர், தண்ணீர் வடிகட்டி விற்பவர், ஓட்டுநர் பயிற்சியாளர் என்று நான்கு வேலைகள். நான்கும் ஏணிப்படி மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்திருந்தன. குழியில் விழுந்து எழுந்து, அடுத்த குழிவரை நடந்துபோன சங்கதியெல்லாம் அதில் இல்லை. "நான்" என்று எழுதக் கூச்சமாக இருந்ததால் "அவர்" என்று எழுதினார். "அவர்" என்று ஆரம்பித்தால் பொய் தாராளமாக வருகிறது, நீங்களும் எழுதிப் பாருங்கள்.

பத்து நாள் கழித்து அச்சகத்திலிருந்து மெய்ப்பு வந்தது. ஓரமெல்லாம் பென்சில் குறிகள். முதல் வரியில் இருந்த "அவர்" என்ற சொல்லைச் சுற்றி ஒரு வட்டம், பக்கத்தில் ஒரு கேள்வி:

[யார் இந்த அவர்?]

அந்தக் கையெழுத்தை அவருக்குத் தெரியும். பள்ளிக்கூட விடுப்புக் கடிதங்களில் எத்தனையோ தடவை அதன் கீழே கையொப்பம் போட்டிருக்கிறார். மகள் ஏதோ ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறாள் என்பதும் தெரியும். அந்த ஏதோ ஓர் அச்சகம் இதுதான் என்பது மட்டும் தெரியாது. வருடத்துக்கு இரண்டு முறை போனில் "உடம்பு எப்படிப்பா?", "நல்லாருக்கேம்மா" என்று பேசிக்கொள்கிறவர்களுக்கு அதற்குமேல் எப்படித் தெரியும்?

ஆகவே நீங்கள் இப்போது படிப்பது மலரில் வரப்போகிற கட்டுரை அல்ல. கட்டுரை, அதன்மேல் மகள் போட்ட பென்சில் குறிகள், அந்தக் குறிகளுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் ஒரு மனிதர் வெள்ளிக்கிழமைவரை விழித்த விழி, எல்லாம் சேர்ந்தது. சதுர அடைப்புக்குள் இருப்பதெல்லாம் அவள் எழுதியது. வெள்ளிக்கிழமை மெய்ப்பைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும்.

2

தொடக்கங்கள், வரிசையாக.

"உழைப்பால் உயர முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே..."

[இந்த வரி ஏழாம் பக்கத்துக் கட்டுரையிலும் இருக்கு. ஒண்ணை எடுங்க.]

"சிறுவயது முதலே இயந்திரங்கள்மீது தணியாத ஆர்வம் கொண்ட..."

[அப்பா.]

அவ்வளவுதான் எழுதியிருந்தாள். அந்த ஒரு சொல்லோடு இரண்டாவது தொடக்கமும் செத்தது.

சரி, நடந்ததைச் சொல்லிவிடலாம். லிப்ட் வேலை ஏழு வருடம். ஒருநாள் இரண்டு மாடிக்கு நடுவில் ஒரு லிப்ட் நின்றுபோனது. உள்ளே ஒருவர் மாட்டிக்கொண்டார், கூண்டின் மேல் இவர். உதிரிபாகம் வந்து சேர மூன்று மணிநேரம். மேல்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் ஊர்க்கதை பேசினார்கள். உள்ளே இருந்தவர் புகைப்பட நிலையம் வைத்திருப்பவர். லிப்ட் தரைத்தளத்துக்கு வந்தபோது இவர் வேலை மாறியிருந்தார்.

"மாட்டிக்கிட்டது அவரு. அவரு வெளிய வந்துட்டாரு, நாமதான் மாட்டிக்கிட்டோம்" என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்போதெல்லாம் சிரிப்பாள்.

(ஒரு சிறு குறிப்பு. ஓட்டுநர் பயிற்சி வண்டியில் பயிற்சியாளர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். இருபத்திரண்டு வருடம் அதை மிதித்த கால், எந்த வண்டியில் ஏறினாலும், ஏன், பல் மருத்துவர் நாற்காலியில்கூட, இல்லாத பிரேக்கைத் தேடி அழுத்தும். இந்தக் கதையில் ஆங்காங்கே வாக்கியம் பாதியில் நின்றால் அந்தக் காலின் வேலை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

3

கட்டுரையில் இருந்தது: "காலமாற்றத்தை உணர்ந்து அவர் புதிய துறைக்கு நகர்ந்தார்."

[எத்தனை மாசம் கழிச்சு?]

கேட்கிறாள் பாருங்கள்! ஐந்து மாதம் கழித்து.

புகைப்பட நிலையத்தில் ஒன்பது வருடம். "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்பதே பிழைப்பு. பிறகு எதிர்க்கடைக்காரர் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் படம் எடுத்துத் தர ஆரம்பித்தார். ஒரு சனிக்கிழமை முதலாளி இவர் தோளைத் தட்டி, கடையை மூடுகிறேன், திங்கட்கிழமை வர வேண்டாம் என்றார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வழக்கம்போலக் கிளம்பினார். இஸ்திரி போட்ட சட்டை, டிபன் பாக்ஸ், தோளில் கேமரா பை. பையில் கேமரா இல்லை. அது கடையுடையது, கடையோடு போய்விட்டது.

எங்கே போவது? பூங்காவில் உட்கார்ந்தால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள். நூலகத்தில் உட்கார்ந்தால் படிக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடம்தான் உத்தமமான இடம். அங்கே யாரும் யாரையும் ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. திங்கள் எலும்புப் பிரிவு, செவ்வாய் தோல், புதன் கண் என்று ஓர் ஒழுங்கோடு உட்கார்ந்தார். பல் பிரிவுப் பக்கம் மட்டும் போகவில்லை, கூச்சல் தாங்காது. வேலையில் இருந்த காலத்தில்கூட அவர் இவ்வளவு நேரம் தவறாமல் போனதில்லை. மாதக் கடைசியில் சேமிப்பிலிருந்து எடுத்துச் சம்பளம் என்று வீட்டில் நீட்டினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மனைவி கேட்பாள், "இன்னைக்குக் கடைல யாரு வந்தா?" கேட்டால் சொல்ல வேண்டுமே. டோக்கனைக் கையில் பிடித்தபடி காத்திருந்த முகங்களை ஒவ்வொன்றாகக் கடைக்கு அழைத்து வந்தார். கட்டுப்போட்ட கை ஒன்று மாப்பிள்ளை ஆனது. இருபத்திரண்டு தடவை எடுத்தும் இருபத்திரண்டு தடவையும் கண்ணை மூடிய மாப்பிள்ளை. கண்ணில் சொட்டு மருந்து போட வந்த இரண்டு பேர் இரட்டையர் ஆனார்கள். ஒருவர் மட்டும் படம் எடுத்துக்கொள்ள, மற்றவர் அந்தப் பிரதிகளிலேயே பாதியை வாங்கிக்கொண்டு போனார்.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பத்து வயது மகள் தட்டில் கை வைத்தபடி "அப்புறம்?" என்பாள். அவரும் அப்புறத்தைச் சொன்னார். ஐந்து மாதத் தொடர்கதை, ஒருநாள்கூட விடுமுறை இல்லை. அவர் எழுதியதிலேயே, எழுதாமலே எழுதியதிலேயே, உருப்படியானது அதுதான்.

4

இப்போது ஒரு பாத்திரத்தின்மேல் சந்தேகம்.

"மனைவி சற்றே முன்கோபம் கொண்டவர்" என்று கட்டுரையில் எழுதியிருந்தார். ஒரு மனிதன் இத்தனை சிரமப்பட்டு உயர்கிறான் என்றால் வீட்டில் ஒரு முன்கோபம் இருந்தால்தானே எடுப்பாக இருக்கும்?

[அம்மா கத்தி நான் பாத்ததே இல்ல. நீங்க பாத்திருக்கீங்களா?]

அவரும் பார்த்ததில்லை. ஆக, முன்கோபத்தை எடுத்தாயிற்று. எடுத்ததும் அடுத்த வரி ஆட்டம் கண்டது: "பின்னர் இருவரும் மனமொத்துப் பிரிந்தனர்."

[எப்போ?]

அதற்கும் அடுத்த வரி: "மகளுக்கு அப்போது விவரம் தெரியாத வயது."

இங்கே வட்டம் தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது. பக்கத்தில் ஒரே சொல், [தெரியும்.] கீழே ஓர் அம்புக்குறி. தாளைத் திருப்பினார்.

[கூடப் படிச்சவளுக்குக் கண்ணாடி போட அவங்க அம்மா கூட்டிட்டுப் போனாங்க, நானும் போனேன். கண் பிரிவுல மூணாவது வரிசைல நீங்க உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தீங்க. கேமரா பை மடில இருந்துச்சு. நீங்க என்னைப் பாக்கல. அன்னைக்குச் சாயங்காலம்தான் இரட்டையர் கதை சொன்னீங்க. அந்த ரெண்டு பேரு உங்களுக்கு முன்னாடி வரிசைல உக்காந்திருந்தாங்கப்பா. எனக்குத் தெரிஞ்சேதான் அப்புறம்னு கேட்டேன். நான் கேக்கலைன்னா நீங்க நிறுத்திடுவீங்க, நிறுத்துனா என்ன ஆகுமோன்னு பயம்.]

கிண்டலாகவே கதையை ஓட்டிவிடலாம் என்று நினைத்திருந்தவர் இந்தப் பக்கத்தை மறுபடி முதலிலிருந்து படித்தார். மாதக்கணக்கில் ஒரு குழந்தை தெரிந்தே கதை கேட்டிருக்கிறது. அவர்தான் குடும்பத்தைத் தாங்கிப் பிடித்ததாகக் கட்டுரையின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

5

"ஒருநாள் அவரே உண்மையை மனைவியிடம் சொல்லிவிட்டார்."

[அப்பா, நானும் அந்த மேசைல இருந்தேன்.]

சரிம்மா. நடந்தது இது.

மனைவி அன்றைக்குக் கணவனுக்குச் சொல்லாமல் கடைக்குப் போனாள். அடையாள அட்டைக்குப் படம் வேண்டியிருந்தது, திடீரென்று போய் நின்று திகைக்க வைக்கலாம் என்று ஆசை. அங்கே செருப்பு விற்றுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்கு வந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளிடம், "அப்பா எங்க போறாருன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். மகள் தெரியும் என்றாள். இதுவரைக்கும் மெய்ப்பின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது, அவருக்கே இருபத்து நான்கு வருடம் கழித்துத்தான் தெரியும். அதன் பிறகு நடந்தது அவருக்குத் தெரியும்.

சாயங்காலம் வந்து உட்கார்ந்தார். "இன்னைக்கு யாரு வந்தா?" என்று மனைவி கேட்டாள். குரலில் ஒன்றும் இல்லை. அவர் ஆரம்பித்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், சிரிக்கவே மாட்டேன் என்று சொல்லிவிட்டு... நடுவில் நிறுத்தினார். களைப்போ என்னவோ.

"அப்புறம்?" என்றாள் மகள்.

அவர் தொடர்ந்தார். ராணுவக்காரரை முழுதாகச் சிரிக்க வைத்து, படத்தை உறையில் போட்டு, வாசல்வரை கொண்டுபோய் விட்டார். மனைவி கடைசிவரை கேட்டாள்.

"நல்லாருக்கு. அந்தக் கடைல இப்போ செருப்பு விக்கிறாங்க" என்றாள்.

கத்தவில்லை. தட்டுகளைக் கழுவி வைத்தாள். வேலை போனதைப் பற்றி அல்ல, சிரித்த சிரிப்பைப் பற்றியே பேசினாள். "அஞ்சு மாசம் என்னைச் சிரிக்க வெச்சீங்களே" என்றாள். அந்த வாரக் கடைசியில் மகளோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள், திரும்பவில்லை.

[நான் அன்னைக்கு அப்புறம்னு கேட்டிருக்கக் கூடாது. அம்மாக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நீங்க நிறுத்தினீங்க. சும்மா இருந்திருந்தா நீங்களே சொல்லியிருப்பீங்க. பழக்கத்துல கேட்டுட்டேன்.]

பென்சில் குறிகள் இதோடு முடிகின்றன.

6

முடிவுகள். கைவசம் இருப்பவை:

(அ) மலர் வெளியாகிறது. மனைவி படிக்கிறாள், மனம் உருகுகிறாள். [இது மகள் எழுதியது அல்ல, அவரே அடைப்புக்குள் எழுதிக்கொண்டது: வெட்கமாக இல்லையா உனக்கு?]

(ஆ) அவர் அதே ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கண்கலங்...

இரண்டும் வேண்டாம். வெள்ளிக்கிழமை காலை மெய்ப்பை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்கே போனார்.

மை வாசனை அடிக்கும் நீள அறை. சன்னலோரம் அவள் மேசை. காதோரம் நரை, காதில் பென்சில். எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"உக்காருங்கப்பா. தபால்ல அனுப்பிருக்கலாமே."

"அதுல எழுத முடியலம்மா. சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன்." உட்கார்ந்தார். "அன்னைக்கு நான் வீட்டுக்குள்ள நுழையறப்பவே, செருப்பு விடுற எடத்துல ஒரு பை கிடந்துச்சு. அம்மா அங்க செருப்பு வாங்கியிருக்கா. பைல கடை விலாசம் போட்டிருந்துச்சு. பழைய விலாசம், நம்ம போட்டோ கடை விலாசம். பாத்துட்டேன். பாத்துட்டுதான் உக்காந்தேன், பாத்துட்டுதான் கதையை ஆரம்பிச்சேன். நீ கேட்டாலும் கேக்காட்டியும் நான் சொல்லியிருக்க மாட்டேன். அதுல உன் பங்கு ஒண்ணுமே இல்ல."

அவள் மெய்ப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இயந்திரம் ஓடும் சத்தம் பக்கத்து அறையிலிருந்து வந்தது.

"நான் அன்னைக்கு எந்தப் பையும் பாக்கலையே."

"நீ உள்ள இருந்திருப்ப."

"என்ன கலரு?"

"நீலம்."

"அம்மாகிட்ட கேக்கட்டுமா?"

"கேளு."

வாசகரே, உங்களை இங்கே இறக்கிவிட வேண்டியிருக்கிறது. ஐந்து மாதம், ஒருநாள் விடாமல், இல்லாத மனிதர்களுக்குச் சட்டையும் மீசையும் கொடுத்தவர் இவர். ஒரு பைக்கு நீல நிறம் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பை இருந்ததா இல்லையா என்று அவரைக் கேட்காதீர்கள். இருந்தது என்றுதான் சொல்வார், செத்தாலும் அதைத்தான் சொல்வார். நம்புவதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, மெய்ப்பின் மேல் வைத்தாள். ஒன்றும் எழுதவில்லை.

"அப்புறம்?" என்றாள்.

அவருடைய வலது கால், வழக்கம்போல, மேசைக்கடியில் தரையைப் போட்டு அழுத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தார். காலை எடுத்தார்.