மூன்றாம் தரம்

ஜெயதாஸ் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் மனைவி சரோஜம் அதை முடித்துவிடுவாள். அவருடைய மூச்சை மிச்சம் பிடிக்கத்தான். கல்லுடைக்கும் கிரஷரில் வேலை செய்த காலமெல்லாம் உள்ளே போன கல்தூசி இப்போது இரண்டு நுரையீரலிலும் இறுகிக் கிடந்தது. நாலு வார்த்தை பேசினால் ஒரு இடைவெளி விழும். அதில் சரோஜம் நுழைவாள்.

"சரோஜம், அந்த..."

"ஃபேனைக் கூட்டணுமா?"

"இல்ல. அந்த..."

"ஜன்னலா? திறந்துதான் கிடக்கு."

"நான் கேட்டது சட்டினியாக்கும்," என்பார் மூச்சு வந்ததும். அதற்குள் தோசை தீர்ந்திருக்கும்.

காரக்கோணம் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். இந்த நோய் மாறாது. கூடாமல் பார்த்துக்கொள்ளலாம். கூட ஒரு ஆள் வேண்டும். சரோஜம் அந்த ஆளானாள். வெளியே போகும்போது ஆக்சிஜன் மெஷினைத் தோளில் போட்டுக்கொண்டு ஓரடி பின்னால் நடந்தாள். மூக்குக் குழாய் நழுவினால் சரிசெய்தாள். அவருக்குப் பதிலாகப் பேசவும் செய்தாள்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின வாரம் சபைச் செயலாளர் சஜன் வீட்டுக்கு வந்தான். பண்டிகையன்று காணிக்கையாக வரும் கோழியையும் வாழைக்குலையையும் ஆராதனை முடிந்ததும் சபை முற்றத்தில் ஏலம் விடுவார்கள். ஏலம் விளிப்பது ஜெயதாஸ்தான். போன வருடம் மட்டும் வேறொருவர் விளித்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

"மாமா, இந்த வருஷம் நீங்க..." என்று சஜன் இழுத்தான்.

"அவருக்கு ஒக்காது மக்கா," என்றாள் சரோஜம். "மூச்சு கிடைக்காது."

ஜெயதாஸ் கையை உயர்த்தினார். இருவரும் காத்திருந்தார்கள்.

"நான்... வாறேன்."

சஜன் போனபின் அவள் கேட்டாள். "ஆளுகளுக்க முன்ன வச்சு மூச்சு நின்னா?"

"நின்னா... தூரம் கொண்டுபோகண்டாம். கல்லறைத் தோட்டம்... பின்னாடியே உண்டு."

அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் சரோஜம்," என்றார் அவர். நிறுத்தி, மூச்சு வாங்கி, "எனக்க பேச்சாவது... எனக்க கையில இருக்கட்டு."

பண்டிகையன்று முற்றத்தில் அவருக்கு நாற்காலி போட்டார்கள். சரோஜம் மெஷினோடு பின்னால் நின்றாள். முதலில் ஒரு சேவல் வந்தது. செங்கருப்பு, நல்ல கொழுப்பு. சபைக்காரர் எலியா பாதி விலைக்குக் கேட்டு ஏலத்தைத் தொடங்கிவைத்தார்.

"ஒரு தரம்," என்றார் ஜெயதாஸ். "ரண்டு தரம்..."

இடைவெளி விழுந்தது.

"மூணு தரம்," என்றாள் சரோஜம்.

வாயில் வந்துவிட்டது. மூன்றாம் தரம் சொன்னால் ஏலம் முடிந்தது. அதுதான் சபை வழக்கம். எலியா பாய்ந்து சேவலின் காலைப் பிடித்தார்.

"அக்கா செல்லியாச்சு. இனி பேச்சில்ல."

சரோஜத்துக்கு முகம் சுட்டது. ஜெயதாஸ் திரும்பி அவளைப் பார்த்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்துக்கொண்டார்.

"சேவலு எலியாவுக்கு," என்றார். "கூவுகது... சரோஜம்."

முற்றம் சிரித்தது. பாஸ்டரும் சிரித்தார்.

அடுத்தது ஏத்தங்குலை.

"ஒரு தரம்..."

சரோஜம் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். முன்னால் அவருடைய தோள்கள் ஏறின. இறங்கின. மறுபடி ஏறின. இந்த இடைவெளிக்குள் அவள் ஒருநாளும் பேசாமல் நின்றதில்லை. அடுத்த மூச்சு வருமா என்று பார்த்துக்கொண்டு சும்மா நிற்க அவளுக்குத் தைரியம் இருந்ததில்லை.

அந்த அமைதி பொறுக்காமல் பின்னாலிருந்து ஒருவர் விலையைக் கூட்டினார்.

ஜெயதாஸ் விரலை உயர்த்தினார். "ஒரு தரம்... ரண்டு தரம்..."

மறுபடி அமைதி. மறுபடி ஒரு குரல். அது ஓயுமுன் பெண்கள் பக்கமிருந்து ரத்னபாய் அதற்கு மேலே கேட்டாள்.

"எலே, அவரு மூச்சு எடுத்தா விலை ஏறும்," என்றார் எலியா. "இது கள்ளக்களியாக்கும்."

"எலியா," என்றார் ஜெயதாஸ், "உனக்கும் வேணுமெங்கில்... இந்தக் குழாயைத் தாறேன்."

குலை எந்த வருடமும் போகாத விலைக்குப் போனது.

ஏலம் முடிந்து இருவரும் ஆட்டோவில் திரும்பினார்கள். அவர் களைத்திருந்தார். உதடு சற்று நீலம். அவள் மெஷினில் காற்றைக் கூட்டி வைத்தாள். குன்னத்துகால் இறக்கத்தில் அவர் பேசத் தொடங்கினார்.

"சரோஜம், எனக்கு..."

தண்ணீர் வேணுமா என்று கேட்க அவளுக்கு நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. ரப்பர் மரங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒரு வளைவு, இன்னொரு வளைவு.

"...பயமா உண்டு."

அவள் அவருடைய கையைத் தேடி எடுத்தாள்.

"எப்பம் தொட்டு?"

"டாக்டரு செல்லின... அன்னு தொட்டு."

"எனக்கும் உண்டு," என்றாள். பிறகு, "ஏன் எனக்கிட்ட செல்லல்லை?"

"நீ எங்கே... விட்டே?"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியது. முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். கையை விடவில்லை.

ஆட்டோ வீட்டுமுன் நின்றது. அவர் இன்னும் எதையோ சொல்லத் தொடங்கியிருந்தார். ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். சரோஜம் இறங்கவில்லை.