அக்னாதா வகுப்பும் அம்மாவாசி அண்ணனும்

1

இந்தக் கதையை எழுதக் காரணம் ஒரு கடிதம். அதையும் நான்தான் எழுதினேன். என் பெயர் ஜான்சி. தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறேன். எங்கள் ஆய்வக உதவியாளர் அம்மாவாசி அண்ணனைப் பதிவறைக்கு மாற்றும்படி முதல்வருக்கு எழுதிய கடிதம். அவரைக் கேட்காமல் எழுதியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'தாடையை இழந்த ஒரு மனிதர், தாடையில்லா மீன்களுக்கு நடுவே…'

அடித்துவிட்டேன். வாயில் புற்று வந்து, மதுரையில் கீழ்த்தாடையின் பாதியை எடுத்து, நாலு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பியவர் அவர். அவரை உவமையாக்க எனக்கு என்ன உரிமை? (அவர் புகையிலை போட்டவரில்லை. எல்லாரும் அதைத்தான் முதலில் கேட்டார்கள். நானும்.) வீரபாண்டியிலிருந்து வரும் பஸ்ஸில் வாயைத் துண்டால் மூடிக்கொண்டிருப்பவர், ஆய்வகத்துக்குள் வந்ததும் அதை எடுத்துவிடுவார்.

ஆனால் நடந்தது அந்த மீன்களின் வகுப்பில்தான். அதை நான் மாற்ற முடியாது.

3

அன்று வகைப்பாடு. தாடையில்லாத மீன்களையெல்லாம் பழைய புத்தகங்கள் 'அக்னாதா' என்று ஒரே பெயரில் அடைத்தன. ஆனால் அவற்றில் புதைபடிவமாகிப்போன சில, இன்றும் தாடையில்லாமல் வாழும் லாம்ப்ரே மீனைவிடத் தாடையுள்ள சுறாவுக்குத்தான் நெருங்கிய சொந்தம். இல்லாத ஒன்றை வைத்துச் சொந்தம் சொல்ல முடியாது என்றேன். அண்ணன் பின்னால் ஜாடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். என் குரல் தானாக இறங்கியது.

ஓவியா என்ற மாணவி எழுந்து, தாடையில்லாத இன்னொன்றான ஹாக் மீனை முதுகெலும்பிகளில் சேர்க்கலாமா என்று கேட்டாள். [முதுகெலும்பு காணோம் என்று வெளியே தள்ளிவைத்தார்கள், பிறகு அதன் தடயம் தெரிந்ததும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.] நான் பதில் சொல்லுமுன் அண்ணன் ஏதோ சொன்னார்.

இங்கே அவருக்கு ஒரு வசனம் எழுதியிருந்தேன். 'அதுக்கு இல்லாததையே சொல்றீகளே மேடம், இருக்கறதச் சொல்லுங்க.' வகுப்பே எழுந்து நிற்பதாகவும்…

வேண்டாம். ஜாடியில் மீன் கெடாமலிருக்க ஊற்றும் பார்மலின் குறைந்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார். எங்களுக்குப் புரியவில்லை. திரும்பச் சொன்னார். மூன்றாவது முறை வாயோரம் எச்சில் வழிந்தது. முன்வரிசையில் இரண்டு பேர் நோட்டைப் பார்த்துக்கொண்டார்கள். ஓவியாதான் புரிந்துகொண்டு, அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

அன்று மாலையே கடிதம் எழுதினேன். அவர் சங்கடப்படக் கூடாது என்று. (நான் சங்கடப்படக் கூடாது என்று.)

4

அலுவலகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள். மறுவாரம் அண்ணன் என் மேசைக்கு வந்தார். எனக்குப் புரிய வேண்டுமென்று நிறுத்தி நிறுத்திப் பேசினார்.

"என்னைய மாத்தச் சொல்லி நீங்கதான் எழுதினீகளாமே மேடம்."

"உங்களுக்குச் சிரமமா இருக்கும்னு நெனச்சேண்ணே."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இதற்கு என் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் நன்றாக வந்தன. எதையும் நான் சொல்லவில்லை.

முதல்வரிடம் போய்க் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். அம்மாவாசியே தன் விருப்பத்தை எழுதித் தரட்டும், அதன்படி செய்யலாம் என்றார்.

5

அண்ணன் என்னிடம் ஒரு வெள்ளைத்தாள் வாங்கி, ஜன்னலோரம் உட்கார்ந்து அரைமணி நேரம் எழுதினார். பிழை பார்த்துத் தரட்டுமா என்றேன். வேண்டாமென்று கையைக் காட்டிவிட்டு, தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு முதல்வர் அறைக்கு நடந்தார்.

ஆய்வகத்திலேயே இருக்கிறேன் என்று எழுதினாரா, பதிவறையே போதும் என்றாரா, விருப்ப ஓய்வு கேட்டாரா? எனக்குத் தெரியாது. மூன்றுக்கும் மூன்று முடிவுகள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் மழைகூடப் பெய்தது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை உத்தரவு வரும். அவருக்கு எது நல்லது என்று இதற்குள் உங்களுக்கு ஒன்று தோன்றியிருக்கும். கடிதம் எழுதிய மாலை எனக்கும் அப்படித்தான் தோன்றியது.