ஒரே தெருவுக்குக் கமிஷன் இல்லை

அந்தத் தையல் மெஷின் கம்பெனியில் அவளை எல்லோரும் ‘விதி’ என்றுதான் கூப்பிட்டார்கள். கமிஷன் விதிகளை எழுதுவது அவள் வேலை. யார் வேண்டுமானாலும் கம்பெனியிடம் தன் பேரில் ஒரு லிங்க் வாங்கி நாலு பேருக்கு அனுப்பலாம். அந்த லிங்க் வழியாக ஒருவர் மெஷின் வாங்கினால், அனுப்பியவருக்குக் கமிஷன். யாருக்கு எவ்வளவு, எப்போது உண்டு, எப்போது கிடையாது என்பதையெல்லாம் அவள்தான் கணினியில் நிபந்தனைகளாகப் போட்டு வைப்பாள். வாங்குகிறவர் புதியவர் என்றால் ஆறு சதவீதம். ஒரே மாதத்தில் பத்து மெஷினைத் தாண்டினால் ஒன்பது. சம்பளம் ஒரு நாள் தள்ளிப்போனாலும், “விதி யாரை விட்டுச்சு” என்று அவள் மேஜையைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். ஆறு வருஷத்தில் தன் விதி புரியவில்லை என்று ஒருவரும் போன் செய்ததில்லை என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை.

பத்தொன்பதாம் தேதி மத்தியானம் விற்பனை மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். ஏசி ஒழுகி, கீழே வைத்திருந்த வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஒரு சின்ன கண்டிஷன் சேர்க்கணும். வாங்கினவங்க போஸ்டல் கோடும் லிங்க் கொடுத்தவங்க போஸ்டல் கோடும் ஒண்ணா இருந்தா கமிஷன் ஜீரோ.”

“எதுக்கு சார்?”

“தாங்களே வாங்கிட்டு தங்களுக்கே கமிஷன் போட்டுக்கறாங்க. திருட்டு.”

“அதைப் பிடிக்க ஏற்கனவே விதி இருக்கு சார். ஒரே வீட்டு முகவரி, ஒரே போன், ஒரே கார்டு, இதுல எது பொருந்தினாலும் நின்னுடும். போஸ்டல் கோடுன்னா ஏழெட்டுத் தெரு. அக்கம்பக்கத்துல சொல்லி விக்கறவங்க அத்தனை பேரும் அடிபடுவாங்க.”

“எலியைப் பிடிக்கக் கதவைச் சாத்தினா பூனையும் கொஞ்சம் மாட்டத்தான் செய்யும்.”

“எந்தத் தேதியிலேருந்து?”

“ஒண்ணாம் தேதியிலேருந்து.”

“இன்னிக்குப் பத்தொன்பது சார். வித்தது வித்தாச்சே.”

“பணம் இன்னும் போகலையே.”

புது விதியைச் சேமிப்பதற்கு முன் ஓட்டிப் பார்க்க ஒரு வசதி உண்டு. ஓட்டினாள். நானூற்றுப் பன்னிரண்டு ஆர்டர் அடிபட்டது. ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்ததில் சொந்த லிங்கில் சொந்தமாக வாங்கியது என்று சந்தேகப்படக்கூடியவை மூன்றே மூன்று. அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு மறுபடி மேனேஜர் அறைக்குப் போனாள். அவர் காகிதத்தைப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

“அந்த மூணுக்காகத்தான்னு வெச்சுக்கங்களேன். இந்தக் காலாண்டுல கமிஷன் செலவைக் குறைச்சுக் காட்டறேன்னு முதலாளிகிட்ட சொல்லிட்டேன். நீங்க போடறீங்களா, வேற யாரையாவது போடச் சொல்லட்டுமா?”

போட்டாள். கமிஷன் மறுக்கப்பட்டால் லிங்க் கொடுத்தவரின் திரையில் ஒரு காரணம் தெரியும். அதற்கென்று ஒரு கட்டம் உண்டு. ‘தகுதியற்ற விற்பனை’ என்று எழுதச் சொன்னார். அதையும் எழுதினாள்.

சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போது அவள் கண் முன்னால் வந்தது நாத்தனார் முகம்.

நாத்தனார் கணவனின் அக்கா. வீட்டு முன்னறையில் நாலு மெஷினைப் போட்டுத் தையல் வகுப்பு நடத்துகிறவள். “நாள் பூரா திரையைப் பார்த்துட்டு உக்காந்திருக்கறதுக்கு ஒரு சம்பளமா” என்று கல்யாணமான புதிதில் பத்துப் பேர் முன்னால் கேட்டவள். அந்த முள் இன்னும் எடுபடவில்லை. ஆனாலும் போன வருஷம் அவள் பேரில் லிங்க் எடுத்துக் கொடுத்தது இவள்தான். அந்த முன்னறைக் கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் அதற்கான க்யூஆர் கோடை ஒட்டிக் கொடுத்ததும் இவள்தான். வகுப்பு முடிகிற பெண்கள் அதை போனில் படம் பிடித்து மெஷின் வாங்கினார்கள். இந்த மாதம் மட்டும் பதினாலு பேர். அத்தனை பேரும் அவள் வீட்டைச் சுற்றியுள்ள நாலு தெருக்காரர்கள். வரப்போகிற கமிஷனை நம்பி நாத்தனார் துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷின் ஒன்றுக்கு முன்பணமும் கட்டியிருந்தாள்.

மறுநாள் சாயங்காலமே நாத்தனார் வந்துவிட்டாள். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது; வாசலில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வந்த வேகத்தில் போனை நீட்டினாள்.

“படி.”

“தெரியும்க்கா.”

“தெரியுமா? தகுதியற்ற விற்பனையாம். ஊசியில நூல் கோக்கத் தெரியாம வந்தவங்க. ஆறு வாரம் சொல்லிக் கொடுத்து, எது வாங்கணும், எது வாங்கக்கூடாதுன்னு கூடவே நின்னு வாங்க வெச்சேன். இதுல தகுதியில்லாதது யாரு? நானா, அவங்களா?”

“மேனேஜர் போடச் சொன்னாருக்கா.”

“போட்டது யாரு?”

“நான்தான்.”

சத்தம் கேட்டு வெளியே வந்த கணவன், “அக்கா, உக்காந்து பேசலாமே” என்றான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்று அவனுக்கு அனுபவம் உண்டு. சொல்லிவிட்டு நிலைப்படியோடு நின்றுவிட்டான்.

“என் மேல கோவம் இருந்தா என் மூஞ்சியைப் பார்த்துத் திட்டியிருக்கலாம்,” என்றாள் நாத்தனார். “வயித்துல அடிச்சிருக்க வேண்டாம்.”

“உங்க மேல எனக்கு ஒரு கோவமும் இல்லக்கா.”

சொல்லி முடிப்பதற்குள் அது முழு உண்மை இல்லை என்று அவளுக்கே பட்டது. நேற்றுப் பொத்தானை அழுத்தியபோது, அந்த முகம் கண் முன்னால் வந்தபோது, ‘படட்டுமே’ என்று ஏதோ ஒரு மூலையில் தோன்றியதா இல்லையா? அவளால் அடித்துச் சொல்ல முடியவில்லை. நாத்தனார் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவளுக்குள் எரிய ஆரம்பித்தது. மேனேஜர் மேல் கோபம், அதைவிடத் தன் மேல். கணவன் ஏதாவது கேட்டால் வெடுக்கென்று விழுந்தாள்.

திங்கள்கிழமைக் கூட்டத்தில் முதலாளி நடுவில் உட்கார்ந்திருந்தார். மேனேஜர் சுவரில் ஒரு படம் காட்டினார். கமிஷன் செலவுக் கோடு சரிந்து இறங்கியது.

“மூணுல ஒரு பங்கு குறைச்சாச்சு சார். எல்லாம் திருட்டு கமிஷன். கண்டுபிடிச்சு நிறுத்திட்டோம்.”

“பலே,” என்றார் முதலாளி.

“திருட்டு மூணு சார்,” என்றாள் அவள். அறையில் எல்லோரும் திரும்பினார்கள். “மீதி நானூத்தி ஒன்பதும் உழைச்சு வித்தது. பக்கத்துத் தெருவுல வித்தாங்க, அதான் அவங்க பண்ணின தப்பு.”

மேனேஜர் சிரித்தார். “விதி மேடத்தோட நாத்தனாரும் அதுல இருக்காங்க சார். அதான் கொஞ்சம் சூடா இருக்காங்க.”

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். முதலாளி கடிகாரத்தைப் பார்த்து, “அதை அப்புறம் தனியாப் பேசுங்க” என்றார்.

அவள் தன் இடத்துக்கு வந்தாள். விதியைத் திறந்தாள். நிபந்தனையைத் தொடவில்லை, தேதியைத் தொடவில்லை. காரணக் கட்டத்தில் இருந்த இரண்டு வார்த்தைகளை மட்டும் அழித்துவிட்டு எழுதினாள்: ‘வாங்கியவரும் நீங்களும் ஒரே அஞ்சல் குறியீட்டில் இருப்பதால் கமிஷன் கிடையாது. இந்த விதி பத்தொன்பதாம் தேதி சேர்க்கப்பட்டு, ஒன்றாம் தேதி முதல் நடந்த விற்பனைக்கும் பொருந்துகிறது.’

சேமித்தாள்.

ஒரு மணி நேரத்துக்குள் முன் அறையில் போன்கள் அடிக்கத் தொடங்கின. போன் எடுக்கிற பெண்கள் மூவரும் மத்தியானம் சாப்பிடவே எழுந்திருக்கவில்லை. முதலில் லிங்க் கொடுத்தவர்கள் கூப்பிட்டார்கள். சாயங்காலத்துக்குள், அவர்கள் சொல்லிக் கேட்டு, வாங்கினவர்களே கூப்பிட ஆரம்பித்தார்கள். மேனேஜர் எதிர்பார்க்காதது அதுதான். “எங்க டீச்சர் சொல்லித்தான் உங்க மெஷின் வாங்கினேன். அவங்களுக்குக் கொடுக்க மாட்டீங்கன்னா நீங்களே வந்து எடுத்துட்டுப் போங்க” என்றாள் ஒருத்தி. பெட்டியைப் பிரிக்காத மெஷின்கள், ஒரு பாவாடை மட்டும் தைத்துப் பார்த்த மெஷின்கள் என்று இரண்டு நாளில் அறுபத்தோரு பேர் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி எழுதியிருந்தார்கள்.

மூன்றாம் நாள் முதலாளி அவளைக் கூப்பிட்டார். மேனேஜரும் அங்கே இருந்தார். இப்போது சிரிக்கவில்லை.

“யாரைக் கேட்டு வாசகத்தை மாத்தினீங்க?” என்றார் முதலாளி.

“அதுல பொய் ஏதாவது இருக்கா சார்?”

“பொய் இல்ல. ஆனா கேட்காம போட்டீங்க.”

“முன்னாடி இருந்த பொய்யைக் கேட்டுத்தான் போட்டேன்.”

மேனேஜர் மேஜையைத் தட்டினார். “பேச்சைப் பாருங்க சார். சோறு போடற இடத்துலயே...”

“சோறு போடறது தைக்கறவங்க,” என்றாள் அவள். “நீங்களும் நானும் பரிமாறத்தான் உக்காந்திருக்கோம். அதுலயும் உங்க கரண்டி கொஞ்சம் பெருசு.”

முதலாளி கையை உயர்த்தி இருவரையும் நிறுத்தினார். அவருக்குக் கோபமெல்லாம் அறுபத்தொன்று என்ற எண்ணின் மேல்தான். விதியை அன்றே எடுத்துவிடச் சொன்னார். நிறுத்திய கமிஷன் முழுவதும் போக வேண்டும் என்றார். மேனேஜரை ஒன்றும் செய்யவில்லை. அவளுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, திரும்பி வரும் மெஷின்களைப் பதிவு செய்கிற கிடங்குக்கு மாற்றினார். விதி எழுத வேறு ஆள். அவள் மன்னிப்புக் கடிதம் எழுதவில்லை. கிடங்கில் ஒரு மாதம் பெட்டிகளை எண்ணிவிட்டு, வேலையை விட்டாள்.

நாத்தனாருக்குப் பணம் வந்தது. வந்ததை அவள் தம்பிக்குத்தான் போன் செய்து சொன்னாள். இவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. இவள் வேலையை விட்டு மூன்று வாரம் கழித்து அவனிடம், “அவளை வரச் சொல்லு” என்றாள்.

இவள் போனபோது வகுப்பு முடிந்து பெண்கள் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தரையெல்லாம் வெட்டிய துணித் துண்டுகள். கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்ததைக் கிழித்ததில் சுண்ணாம்பும் சேர்ந்து பெயர்ந்திருந்தது.

“உன் கம்பெனி சங்காத்தமே வேண்டாம்னு விட்டுட்டேன்,” என்றாள் நாத்தனார்.

“இப்ப அது என் கம்பெனி இல்லக்கா.”

“தெரியும். தம்பி சொன்னான்.” அதற்கு மேல் அதைப் பற்றிப் பேசவில்லை. கட்டிங் மேஜை மேலிருந்த துணியைத் தள்ளிவிட்டு ஒரு கற்றைக் காகிதத்தைப் போட்டாள். “வேற மெஷின் கம்பெனிக்காரன் அனுப்பின கமிஷன் ஒப்பந்தம். எங்கெங்க கண்ணி வெச்சிருக்கான்னு சொல்லு. அந்த வேலை பார்த்தவளுக்குத்தானே தெரியும்.”

குத்தலாகத்தான் சொன்னாள். இவள் வாங்கிக்கொண்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு முதல் பக்கத்திலிருந்து படித்தாள். நாத்தனார் எதிரே உட்கார்ந்து கையில் கிடைத்த ஒரு தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் பக்கத்தில் இவள் நிறுத்தினாள்.

“கம்பெனி எந்த விதியையும் எப்ப வேணும்னாலும் மாத்தலாமாம். மாத்தினா பழைய விற்பனைக்கும் செல்லுமாம்.”

“அயோக்கியனுங்க.”

“இதை அடிச்சுட்டுத்தான் கையெழுத்துன்னு சொல்லுங்க. அடிக்க மாட்டேன்னா விட்டுடுங்க.”

“நான் எதுக்கு விடணும்? அவன் அடிக்கட்டும்.” நாத்தனார் போனை எடுத்தாள். எதிர்முனையில் ஒருவர் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். அவள் இடைமறித்தாள். “மூணாம் பக்கம், நாலாவது பத்தி. எடுத்து வெச்சுக்கிட்டுப் பேசுங்க. இங்க என் தம்பி பொண்டாட்டி இருக்கா, இந்தத் தொழில் தெரிஞ்சவ. எங்ககிட்ட சுத்தி வளைக்க வேண்டாம்.”

அந்தக் கம்பெனி ஒத்துக்கொள்ள ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் நாத்தனார் தினம் காலையில் அவர்களுக்குப் போன் செய்து சண்டை போட்டாள். முடித்ததும் இவளுக்குப் போன் செய்து, என்ன சொன்னார்கள், தான் என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் சொல்வாள்.