காபிரியேலின் டோப்பா

பேன் கடித்தால் அரிக்கும், அவ்வளவுதான், ஆளைக் கொல்லாது. முப்பது வருஷமாக நர்ஸ் வேலை பார்த்து, இப்போது பள்ளி நர்ஸாக இருக்கும் ரத்தினபாய்க்கு இது தெரியும். நான்காம் வகுப்பு 'பி' பிரிவு அம்மாக்களின் வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருத்தி தன் மகள் தலையிலிருந்து எடுத்த பேனை வெள்ளைத் தாளில் வைத்துப் படம் பிடித்துப் போட்டாள். சனிக்கிழமை விடிவதற்குள் அந்த ஒற்றைப் பேன் பொழிச்சலூரையே பாதி தின்றுவிட்டது. ஒருத்தி வேப்பெண்ணெய் என்றாள், இன்னொருத்தி பள்ளியை ஒரு வாரம் மூடச் சொன்னாள். தினகரன் என்ற அப்பா, பெஞ்சுக்கெல்லாம் மருந்தடிக்க ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டார். பாவம், பேன் பெஞ்சில் குடியிருக்காது என்று அவருக்கு யார் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் வீடு போய்ச் சேர்வதற்குள் பேனுக்கு ஒரு பேரும் கிடைத்துவிட்டது. ஜான்சி.

ஜான்சி அந்தப் பள்ளியின் ஆயா செல்வமேரியின் மகள். அதே நான்காம் வகுப்பு 'பி'. அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. வீடும் அதற்குப் பின்னால்தான். ஜான்சிக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் முடி. பெற்றோர் சங்கச் செயலாளர் ஆஷா குழுவில் நாசூக்காகத்தான் எழுதியிருந்தாள்: சில இடங்களிலிருந்து வரும் பிள்ளைகளைக் கொஞ்சம் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று. நாசூக்கை யார் மதித்தார்கள்? அடுத்த பத்து செய்திகளில் பேரே வந்துவிட்டது.

திங்கட்கிழமை காலையில் தாளாளர் சத்தியநாதன் ஒரு கடிதத்தோடு வந்தார். ஜான்சி கிறிஸ்துமஸ் விடுமுறை முடியும்வரை வீட்டில் இருக்கட்டும், சிஸ்டர் பரிசோதித்ததாக ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பிரச்சினை தீர்ந்துவிடும் என்றார். அந்த வருஷக் கிறிஸ்துமஸ் நாடகத்தில் ஜான்சிதான் காபிரியேல் தூதன். ஒன்றரை மாதமாக வசனத்தை நடந்தும் படுத்தும் சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை. யோசித்துச் சொல்கிறேன் என்று ரத்தினபாய் கடிதத்தை வாங்கி மேஜையில் வைத்தார்.

தாளாளர் போனதும் செல்வமேரி வாசலில் வந்து நின்றாள். அழவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"மொட்டை போட்டுட்டா வுட்ருவாங்களா சிஸ்டர்? சாயங்காலமே போட்டுர்றேன்."

ரத்தினபாயால் அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஏனென்றால் பேன் முதலில் எந்தத் தலையில் இருந்தது என்று இருவருக்குமே தெரியும். ஒன்றரை மாதத்துக்கு முன் மதிய இடைவேளையில் தலையைப் பிய்த்துக்கொண்டு அழுதபடி வந்தவள் ஆஷாவின் மகள் கிறிஸ்டி. மம்மியிடம் சொன்னால் முடியை ஒட்ட வெட்டிவிடுவார்கள் என்று காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். ரத்தினபாய் மனம் இளகி வாக்குக் கொடுத்துவிட்டார். தன் மனசாட்சிக்காக எல்லாப் பிள்ளைகளின் டைரியிலும், 'தலையைப் பார்க்கவும்' என்று பொதுவாக எழுதி அனுப்பினார். ஆஷா படிக்காமலே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். கிறிஸ்டியை மூன்று நாள் மதியம் உட்காரவைத்து, பேன் சீப்பும் விரலுமாக ஒவ்வொரு ஈராக உருவி எடுத்தவள் செல்வமேரிதான்.

எடுத்தபிறகும் எப்படிப் பரவியது? மொட்டை வேண்டாம், பொறு என்று அவளை அனுப்பிவிட்டு அலமாரியைத் திறந்தபோதுதான் ரத்தினபாய்க்குப் புரிந்தது. உள்ளே காபிரியேலின் டோப்பா. தூதனுக்குப் பொன்னிற முடிதான் இருக்க வேண்டும் என்று டீச்சர்கள் குரோம்பேட்டையில் வாங்கிவந்தது. பள்ளியிலேயே சுத்தமான இடம் என்று அதை நர்ஸ் அறையில் வைத்திருந்தார்கள். வேடத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்தது கிறிஸ்டி அழுதுகொண்டு வந்ததற்கு முந்தின நாள்தான்; அன்று எட்டுப் பெண்களுக்கும் ஒருத்தி மாற்றி ஒருத்தியாகத் தன் கையாலேயே மாட்டிவிட்டு அழகு பார்த்தது ரத்தினபாய். முதலில் மாட்டியது கிறிஸ்டிக்கு. அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கூடத்தில் பெற்றோர் கூட்டம். விமான நிலையத்துக்குப் பக்கத்து ஊர் என்பதால், தலைக்கு மேல் விமானம் போகும்போதெல்லாம் பொழிச்சலூர்க்காரர்கள் பேச்சைப் பாதியில் நிறுத்தி, சத்தம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அன்றைய சண்டையும் அப்படியே நின்று நின்று நடந்தது.

ரத்தினபாய் எழுந்து டோப்பாவைத் தூக்கிக் காட்டி, தப்பு என்னுடையது என்றார். எப்படிப் பரவியது என்று ஒளிக்காமல் சொன்னார். இன்று காலை எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தேன், டோப்பா மாட்டியவர்களில் ஆறு பேர் தலையில் இருக்கிறது, தினமும் வீட்டில் பேன் சீப்புப் போடும் ஜான்சி தலையில் இல்லை என்றும் சொன்னார். யாரும் நம்பிய மாதிரி தெரியவில்லை. ஆயாவுக்கும் நர்ஸுக்கும் ஒட்டுறவு என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஆஷா எழுந்தாள். பேசும்போதே விரல் காதுக்குப் பின்னால் போய்ச் சொறிந்துவிட்டு வந்தது.

"டோப்பாவுக்குப் பேன் தானா வருமா சிஸ்டர்? ஃபர்ஸ்ட் யார் தலையில இருந்துச்சு? அதைச் சொல்லுங்க."

"அதை மட்டும் சொல்ல மாட்டேன்மா."

கூடம் கொதித்தது. சொல்லாவிட்டால் அந்த ஆயா மகள்தான் என்று அர்த்தம், நாளையிலிருந்து அவள் வரக்கூடாது என்றாள் ஆஷா. சத்தியநாதன் கடிதத்தையும் பேனாவையும் ரத்தினபாய் பக்கம் நகர்த்தினார்.

டீத் தட்டோடு வாசலில் நின்ற செல்வமேரியை ரத்தினபாய் பார்த்தார். நான் வாக்குக் கொடுத்தவள், அவள் கொடுக்கவில்லையே. ஒரு பேரைச் சொன்னால் அவள் பிள்ளை தப்பித்துவிடும். சொல்லட்டும் என்றுகூட அவர் மனம் வேண்டியது. செல்வமேரி அவரைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. ரத்தினபாய் எத்தனையோ பெரிய டாக்டர்களைப் பார்த்தவர். அந்தத் தலையாட்டலுக்கு முன்னால் அவர்களெல்லாம் சின்னவர்களாகத் தெரிந்தார்கள்.

விமானம் ஒன்று தாழப் போனது. எல்லோரும் வாயை மூடிக்கொண்ட அந்த நேரத்தில் செல்வமேரி தட்டை வைத்துவிட்டு வந்து, ஆஷாவின் நாற்காலிக்கு முன்னால் முதுகு காட்டித் தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்தாள். சத்தம் அடங்கியது.

"நானும் எம்பொண்ணும் ஒரே பாயில பட்துக்கறவங்க. அவ தலையில கீதுன்னா என் தலையிலயும் இருக்கும். பாத்துக்கோங்கக்கா."

ஆஷா விலகியிருக்கலாம். விலகவில்லை. ஏன் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. எதிரே அவிழ்ந்த தலை இருந்தால் பெண்களின் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. அவள் விரல்கள் வகிடு பிரித்தன, காதோரம் தேடின, பிடரிக்கு இறங்கின. கூடமே எட்டிப் பார்த்தது. ஒன்றும் இல்லை. ஒரு ஈர்கூட இல்லை. ஆஷாவின் கை மெல்ல நின்றது. பிறகு தன்னை மறந்து தன் தலையைச் சொறிந்தது.

செல்வமேரி திரும்பினாள். கேலி இல்லை, கோபமும் இல்லை. "நீங்க இப்டி உக்காருங்க. நான் பாக்குறேன்" என்று இடுப்பில் செருகியிருந்த பேன் சீப்பை எடுத்தாள்.

ஆஷா உட்கார்ந்தாள். ஆஷாவுக்கு முன்னால் யாரோ கிளிப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்கள். அவளுக்கு முன்னால் இன்னொருத்தி. இதெல்லாம் சொல்லிவைத்து நடப்பதில்லை. கால் மணி நேரத்தில், பேங்க்கில் வேலை பார்ப்பவளும் டீச்சரும் தையல்காரியும் ஒருவர் பின் ஒருவராக, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தி கையிலும் முன்னால் இருப்பவளின் தலை. ஆண்கள் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். தினகரன் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியநாதன் கடிதத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். தேவாலயத்தில்கூட இப்படி ஒரு அமைதியை ரத்தினபாய் கண்டதில்லை.

ஒத்திகை முடிந்து பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கிறிஸ்டி அம்மாவைத் தேடி வந்து, அவள் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"ஆயாம்மாவா பாக்கறாங்க? வலிக்கவே வலிக்காது மம்மி. எனக்கு மூணு நாள் பாத்தாங்க, டிராமாக்கு செலக்ட் பண்ணப்போ. யார்கிட்டயும் சொல்லவே இல்ல."

ஆஷா நிமிரவில்லை. நிமிர முடியாது, அவள் முடி செல்வமேரியின் கையில் இருந்தது. அவள் தோள்கள் மட்டும் குலுங்க ஆரம்பித்தன.

"ஆடாதீங்கக்கா," என்றாள் செல்வமேரி, சீப்பைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் கொஞ்சம்தான் கீது."