சமையலறையில் ஒரு சாமி மேடை

முதலில் சாமி கும்பிட்டுவிட்டுத்தான் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார் பரஞ்சோதி. விற்கிறவர் அவர். அதிலும் கோயில் தலைவர். மறுத்துப் பேச முடியுமா? குணசுந்தரியும் அவள் புருஷன் சிவநேசனும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒட்டடை தொங்கிய கூடத்தைத் தாண்டி, நேரே பின்பக்கச் சமையலறைக்குப் போய்க் கைகூப்பி நின்றார்கள்.

பரஞ்சோதியின் குடும்பம் பினாங்குக்குக் குடி போய் இரண்டு மாதம் ஆகிறதாம். அதற்கு முன்பும் அங்கே யாரும் விளக்குமாற்றைத் தொட்டதாகத் தெரியவில்லை. ஆனால் சாமி மேடை மட்டும் பளபளவென்று இருந்தது. இடுப்புயரத்தில் மரத்தால் செய்த பெரிய மேடை. படங்களுக்குப் புதுப் பூ, எதிரே மாக்கோலம், பட்டப்பகலில் கண் எரிகிற அளவுக்குச் சாம்பிராணி. பரஞ்சோதி இருவர் நெற்றியிலும் திருநீறு பூசி, வாழையிலைத் துண்டில் சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தார். காலையிலிருந்து வெறும் வயிற்றோடு இருந்த குணசுந்தரி அதை வழித்துச் சாப்பிட்டாள்.

"வீடுன்னா கொஞ்சம் ரோசாக் ஆகி, பழுதாகத்தான் செய்யும் தம்பி. ரெனோவேஷன் பண்ணிட்டா புது வீடு லா. சாமி குடியிருக்கிற வீடு, ஒங்களுக்கு ஒரு கொறையும் வராது" என்றார் பரஞ்சோதி.

குறை வராத வீட்டுக்காக அவர்கள் படாத பாடு பட்டிருந்தார்கள். சுங்கை லாலாங் பக்கம் அவர்கள் பிள்ளைகளோடு இருந்த தோட்டத்தை விற்றாகிவிட்டது. தீபாவளிக்குள் லயத்து வீடுகளைக் காலி செய்துவிட வேண்டும் என்று உத்தரவு. இருவரும் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள், இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டினால்தான் பேங்கு கடன் கொடுக்கும். அந்தக் கடனுக்குப் புது வீட்டின் வாசற்படிகூடக் கிடைக்காது. ஆகவே பழைய வீடு, பழுது பார்க்க வேண்டிய வீடு. செமிலிங்கில் ஒன்றைப் பார்த்தார்கள், மழை பெய்தால் கூடத்தில் முழங்கால் தண்ணீர். சிடாம் கிரியில் ஒன்று, கதவு நிலையைத் தொட்டதும் கரையான் பொலபொலவென்று கொட்டியது. இது மூன்றாவது. சுங்கைப்பட்டாணி டவுனுக்குப் பக்கத்தில், வேலைக்குப் போக வசதியான தாமான் குடியிருப்பில், வரிசை வீடு. குணசுந்தரிக்கு இதையும் விட மனமில்லை. குழாயும் ஜன்னலும் உள்ள ஒரு சமையலறை, தீபாவளிக்குள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

சிவநேசன் இப்போது பாதி இஞ்சினியர். பழைய வீடு வாங்கும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று ஒரு மாதமாகப் போனில் வீடியோ பார்த்துத் தேறியிருந்தான். டாக்டர் நெஞ்சைத் தட்டுகிற மாதிரி சுவரைத் தட்டிக் காதை வைத்துக் கேட்டான். கூரையில் கறை இருக்கிறதா என்று டார்ச் அடித்தான். திசை காட்டியை வைத்து அடுப்பு மூலை சரியாக இருக்கிறது என்று தலையாட்டினான். தலை மேலே தூக்கியபடியே இருந்ததால் காலடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க அவனுக்கு நேரமில்லை.

பார்த்ததெல்லாம் குணசுந்தரிதான். படுக்கையறையில் யாரோ விட்டுப்போன மெத்தை, நடுவில் மஞ்சளாக ஊறிக் காய்ந்த கறையோடு. சுவிட்சுப் பெட்டிக்குள் பல்லி முட்டைகள். குளியலறைச் சுவரில் கறுப்புப் பூஞ்சணம், வடிகாலில் பந்தாகச் சுருண்ட தலைமுடி. சமையலறைச் சன்னல் காற்றாடியில் எண்ணெய்ப் பிசுக்கு விரல் கனத்துக்குத் தொங்கியது. சே, இதற்குள்தான் மனிதர்கள் சமைத்துச் சாப்பிட்டார்களா என்று சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் மனதைத் தேற்றிக்கொண்டாள். அழுக்குத்தானே? கழுவினால் போகும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை குளோரெக்ஸ் பிளீச்சை ஊற்றித் தேய்த்தால் வீடு வீடாகிவிடும்.

"அண்ணே, இந்தச் சமையலறை பின்னாடி இழுத்துக் கட்டினதா?" என்று கேட்டாள்.

"ஆமாம் தங்கச்சி. முன்ன இது பொறவாசல். சும்மா கெடந்த எடத்த மூடிக் கட்டினேன். எல்லாரும் அப்படித்தான் லா."

பேசிக்கொண்டிருக்கும்போதே மேடையின் அடியிலிருந்து ஒரு கரப்பான் வெளியே வந்தது. பின்னாலேயே இன்னொன்று. பகல் வெளிச்சத்துக்குக் கொஞ்சமும் பயப்படாத, விரல் நீளத்துக் கரப்பான்கள். அவை போகிற வழியைப் பார்த்தபோதுதான் தரையைக் கவனித்தாள். மேடையின் கால்களிலிருந்து சுவர் வரைக்கும் டைல்ஸில் வளைவு வளைவாகக் கீறல்கள். மேடையைப் பல தடவை இழுத்திருக்கிறார்கள். கூட்டிப் பெருக்குகிற வீடு என்றால் சரி. இவர்கள்தான் எதையும் கூட்டியதே இல்லையே, சாமியை மட்டும் எதற்கு இப்படி இழுத்தார்கள்?

அவள் வாயைத் திறப்பதற்குள் பரஞ்சோதியே வினையைத் தேடிக்கொண்டார். "தண்ணி போற வேகத்த வந்து பாருங்க தம்பி" என்று சிவநேசனைக் கக்கூசுக்குக் கூட்டிப்போய்ப் பெருமையாக பிளஷ்ஷை அமுக்கினார். அங்கே தண்ணீர் சுழன்று இறங்கியது. இங்கே சமையலறையில் சாமி மேடை ஏப்பம் விட்டது.

குளுக் என்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று. மேடைக்கு அடியிலிருந்து கறுப்பாக ஒரு நீர் மெல்ல ஊறி வந்து மாக்கோலத்தைத் தொட்டது. சாம்பிராணியை அமுக்கிக்கொண்டு கிளம்பிய வாடை என்னவென்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஓடி வந்த பரஞ்சோதி கூசாமல் சொன்னார். "மழத் தண்ணி தங்கச்சி."

"ஒரு வாரமா மழையே இல்லண்ணே. மேடைய நகர்த்துங்க."

"சாமி மேடையத் தொடுறதா? அதுக்கு நாள் பாக்கணும், பூச போடணும்."

"குணா, பேசாம இரு! தலைவர்கிட்ட இப்படியா பேசுறது?" என்று சிவநேசன் பல்லைக் கடித்தான்.

குணசுந்தரி இருவரையும் பார்த்தாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, மேடையின் விளிம்பைப் பிடித்து, கீறல்கள் காட்டிய வழியிலேயே இழுத்தாள். பழகிய மேடை, சொன்னபடி வந்தது. அதற்கடியில் ஒரு பலகை, பலகைக்கடியில் ரப்பர் பாய். பாயைக் காலால் தள்ளினாள்.

மேன்ஹோல். தெருவில் இருக்க வேண்டிய பாதாளச் சாக்கடையின் இரும்பு மூடி, அடுப்புக்கு நாலடி தள்ளி, சமையலறைத் தரையில். அந்த வரிசை வீடுகளின் கக்கூஸ் குழாய்களெல்லாம் வந்து சேருகிற இடத்தின் மேல்தான் மனிதர் சுவர் எழுப்பி, டைல்ஸ் போட்டு, சமையலறை என்று பெயர் வைத்திருந்தார். மூடியைச் சுற்றிப் பழுப்பு நுரை கட்டியிருந்தது, நுரையில் காகிதம் ஊறிக் கிடந்தது. பாய் விலகியதும் கரப்பான்கள் கூட்டமாகச் சிதறி ஓடின. ஒன்று அவள் புறங்காலில் ஏறி இறங்கியது.

மாட்டிக்கொண்டவர் வெட்கப்படுவார் என்று அவள் நினைத்தாள். பரஞ்சோதியோ பதறாமல் விளக்கம் சொன்னார்.

"எப்பவாவதுதான் அடைக்கும். ஆள் வந்து தொறந்து குத்திவிட்டுப் போயிருவான். அதுக்குத் தோதாத்தான் மேடைய மரத்துல செஞ்சேன். சாமிக்கு ஒரு அசுத்தமும் இல்ல தங்கச்சி. மூடி மேல பாய், பாய் மேல பலகை, பலகை மேலதான் சாமி."

அந்தச் சாமிக்குப் படைத்த பொங்கல் அவள் வயிற்றுக்குள் இருந்தது. நினைத்த மாத்திரத்தில் அது தொண்டைக்கு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு ஓடி, வாசல் லோங்காங் சாக்கடையில் குனிந்து அத்தனையையும் கக்கினாள்.

பக்கத்து வீட்டு ரோசம்மா வேலிக்கு மேலாக ஒரு குவளைத் தண்ணீரை நீட்டினாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "நகர்த்திப் பாத்துட்டியாம்மா?" என்றாள். "முன்ன வந்தவங்கள்லாம் கும்புட்டுட்டுப் போனாங்க. நான் வேதக்காரி. ஒங்க சாமிய நகர்த்திப் பாருங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

குணசுந்தரி வாயைக் கொப்பளித்துத் துப்பினாள். அந்த வீட்டின் மேல், அந்த மனிதர் மேல், கைகூப்பிக் கும்பிட்ட தன் மேல், எல்லாவற்றின் மேலும் அருவருப்பாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு காடிக் கதவைத் திறந்து முன் சீட்டில் உட்கார்ந்தாள்.

சிவநேசன் உடனே வரவில்லை. உள்ளே ஏதோ பேச்சு நடந்தது. ரொம்ப நேரம் கழித்து அவன் வெளியே வந்தபோது பரஞ்சோதி அவன் தோளில் கை போட்டிருந்தார்.

தாமானைத் தாண்டிப் பெரிய சாலைக்கு வந்ததும் சிவநேசன் ஆரம்பித்தான்.

"வெலய நல்லாக் கொறைச்சுட்டாரு குணா. இந்த எடத்துல இந்த வெலைக்கு வேற வீடு கெடைக்காது."

"சமையலறைய இடிக்கணும். அந்த மூடி வெளிய வரணும். அதுக்கு ஆகுற செலவக் கேட்டீங்களா?"

"இடிக்கிறதா? எதுக்கு?" அவன் சிரித்தான். "அந்த மேடைய அவரு நமக்கே விட்டுட்டுப் போறாராம், சும்மாவே. மூடி வச்சுக்குவோம். நாலஞ்சு வருசம் ஓட்டிட்டு நல்ல வெலைக்கு வித்துருவோம். சாமி மேடைய யாரு நகர்த்திப் பாக்கப் போறா?"

சொல்லிவிட்டு, குறுக்கே வந்த மோட்டார் சைக்கிள்காரனுக்கு மரியாதையாக வழிவிட்டான். அவன் முகத்தில் திருட்டுக் களையெல்லாம் இல்லை. கெட்டிக்காரத்தனமாக ஒரு காரியம் முடித்த திருப்திதான் இருந்தது. அவன் தன் பழைய மோட்டார் சைக்கிளை அவளுடைய தங்கை புருஷனுக்கு விற்றபோதும் இதே முகம்தான். இஞ்சின் நல்லா இருக்கு என்று சொல்லித்தான் விற்றான், மூன்றாம் மாதம் அது நடுரோட்டில் நின்றது. வண்டி என்றால் அப்படித்தான் என்று அன்றைக்கு அவளும் தங்கைக்குச் சமாதானம் சொல்லியிருந்தாள்.

"எனக்கு அந்த வீடு வேணாம். லோனுக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றாள் குணசுந்தரி.

"அப்ப தீபாவளிக்கு நடுரோட்டுலயா நிக்கிறது?"

"வேற வீடு பாக்கலாம். இத விட அழுக்கா இருந்தாலும் சரி. அழுக்கு அழுக்காவே தெரியிற வீடா பாருங்க."

அவன் கியரை மாற்றினான். பிறகு, கோபப்பட்ட பெண்டாட்டியைச் சமாதானப்படுத்துகிற வழக்கப்படி, இடது கையை நீட்டி அவள் கையைப் பிடித்தான்.

"நல்லா யோசிச்சுப் பாரு குணா. நம்ம பிள்ளைங்களுக்காகத்தான சொல்றேன்."

பதினோரு வருஷமாகப் பழகிய கைதான். சூடு தெரியும், காய்ப்பு தெரியும். அந்தச் சமையலறையில் கரப்பான் காலில் ஏறியபோதுகூட அவளுக்கு உடம்பு இப்படிக் கூசவில்லை. கையை உருவிக்கொண்டு, சேலையில் துடைத்துக்கொண்டாள்.